பதினெட்டாம் எண் வீடு எந்தத் தொகுதி?

அனுப்புநர்:
திருமதி லூசி சந்தனசாமி (வயது 63),
எண் 18, ஜாலான் கெனாங்கா 4,
தாமான் ஸ்ரீ கெனாங்கா,
மாசாய், ஜொகூர்.

பெறுநர்:
வாக்காளர் பதிவேட்டு அதிகாரி அவர்கள்,
சுங்கை மெலூர் – புக்கிட் கெமுனிங் சட்டமன்றத் தொகுதிகள்,
ஜொகூர் பாரு.

பொருள்: மேற்கண்ட முகவரியில் உள்ள என் வாக்கு, என் விண்ணப்பம் எதுவுமின்றி, எல்லைச் சீரமைப்பினால் மட்டுமே தொகுதி மாறியது என்பதை எழுத்துமூலம் உறுதிப்படுத்தித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னைப் பற்றி என் தெருவில் மூன்று ஆண்டுகளாக ஒரு பேச்சு இருக்கிறது. நான் விலை போய்விட்டேன், என் கையெழுத்தை விற்றுவிட்டேன் என்பதுதான் அந்தப் பேச்சு. அது பொய். பொய் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் சொன்னால் நம்புவார்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டுத்தான் இந்த மனு.

இதன் மலாய் வடிவத்தை என் மகள் ஷர்மைன் எழுதித் தந்தாள். அதில் எல்லாம் சுருக்கமாக, ஒரு பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்ல நினைத்ததெல்லாம் இந்தத் தமிழ் மனுவில்தான் இருக்கிறது. தங்கள் அலுவலக முகப்பில் பணிபுரியும் திரு. திருச்செல்வம் தமிழ் படிப்பார், அவரே தங்களுக்கு எடுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1. நானும் என் கணவர் அமரர் சந்தனசாமியும் 1993-இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அன்றிலிருந்து நான் வேறெங்கும் குடிபோனதில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் பொருள்களில் குறை பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். குறையைக் கண்டால் சொல்லிவிடுவது என் பழக்கம். என் குறையையும் சொல்லிவிடுவேன், அது கீழே வரும்.

2. 1995, 1999 தேர்தல்களில் எங்கள் தெரு தஞ்சோங் பெலுந்தாஸ் தொகுதியில் இருந்தது. 2004-இல் சுங்கை மெலூர் ஆனது. 2008, 2013 தேர்தல்களிலும் அப்படியே. வாக்களித்தது எப்போதும் அதே தமிழ்ப்பள்ளியில்தான். 2018-இல் என் கணவர் மருத்துவமனையில் கடைசி மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார், நான் வாக்களிக்கப் போகவில்லை. அந்தத் தேர்தலுக்கு முன் நடந்த எல்லைச் சீரமைப்பில் எங்கள் தெருவின் ஒற்றைப்படை எண் வீடுகள் சுங்கை மெலூரிலேயே இருந்தன. இரட்டைப்படை எண் வீடுகள் புக்கிட் கெமுனிங் தொகுதிக்குப் போய்விட்டன. எல்லைக்கோடு எங்கள் தெருவின் நட்டநடுவில், மோட்டார்சைக்கிள்கள் போகும் இடத்தில் ஓடியது. எனக்குத் தெரியாது. எங்கள் வரிசையில் அந்த ஆண்டு வாக்களித்த சிலர், சீட்டில் இருந்த பெயர்கள் புதியவை என்று கவனித்தார்களாம். கட்சிகள் ஆளை மாற்றிவிட்டன என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

3. எங்கள் தெருமுனையில் இரண்டு பக்கத்து லொங்காங் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து விழும் பெரிய வடிகால் ஒன்று உள்ளது. அது அடைத்துக்கொண்டால் மழைநீர் வீட்டுக்குள் வரும். என் எதிர்வீட்டில், 17-ஆம் எண்ணில் வசிக்கும் திரு. ஐயாசாமி, பள்ளி வேன் ஓட்டுபவர், இதற்காக இரண்டு தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களுக்கும் நடையாய் நடந்தார். இங்கே போனால் அது அடுத்த தொகுதி என்றார்கள். அங்கே போனாலும் அதையே சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகும், எல்லை வடிகாலுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தண்ணீர் மட்டும் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்காமல் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது.

4. நடந்து நடந்து கால் தேய்ந்த ஐயாசாமி அண்ணன், 2022 மாநிலத் தேர்தலில் சுங்கை மெலூரில் சுயேச்சையாக நிற்பதாகச் சொன்னார். ஜெயிக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும். மேடையில் ஒரு தடவை வடிகாலைப் பற்றிப் பேசினால் பத்திரிகையில் வரும் என்பதே அவர் எண்ணம். தெருவே அவரோடு நின்றது. முன்மொழிபவராக நான் கையெழுத்திட வேண்டும் என்று அவரே வந்து கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரை என் கையெழுத்தைச் சம்பளச் சீட்டில் தவிர வேறெங்கும் யாரும் கேட்டதில்லை.

5. முன்மொழிபவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இணையத்தில் பதிவேட்டைச் சரிபார்த்தோம். ஆனால் ஐயாசாமி அண்ணனின் பெயரை மட்டும் பார்த்தோம். சுங்கை மெலூர் என்று வந்தது. எதிர்வீட்டுக்காரிக்கு வேறு தொகுதியா இருக்கும் என்று சிரித்துவிட்டு என் பெயரைப் பார்க்காமலே விட்டுவிட்டோம். வாழ்நாள் முழுக்கக் குறை பார்த்தவள் நான், அன்று பார்க்கவில்லை. என் குறை இது ஒன்றுதான் ஐயா. இதை நான் எங்கும் மறைத்ததில்லை.

6. வேட்புமனு நாளன்று காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தில் இருந்தோம். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். என் பெயரை இரண்டு முறை வாசித்தார். பிறகு, இவர் இந்தத் தொகுதி வாக்காளர் இல்லை, மனுவை ஏற்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். அப்போது மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்குள் புது முன்மொழிபவரோடு வந்தால் ஏற்பதாகவும் சொன்னார். அந்த அதிகாரி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் எண் வீட்டுச் செல்வாவைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். அவர் வேலைச் சீருடையோடு மோட்டாரில் பறந்து வந்தார். கட்சி ஊர்வலங்களால் சாலையெல்லாம் அடைத்துக் கிடந்தது. அவர் வந்து சேர்ந்தபோது பத்து ஏழு. கதவு சாத்தியாகிவிட்டது.

திரும்பும்போது ஐயாசாமி அண்ணன் வழியில் வேனை நிறுத்தி எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "சூடா இருக்கு, பாத்துக் குடி தங்கச்சி" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

7. இனி ஹெம்பரைப் பற்றி. வேட்புமனு நாளுக்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டுக்கு ஒரு பெரிய ஹெம்பர் பரிசுக் கூடை வந்தது உண்மை. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் ஷர்மைன், எனக்கு அறுபது வயது நிறைந்ததற்காக அனுப்பியது. இரண்டு ஆள் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். தெருவே பார்த்தது. மனு தள்ளுபடியான அன்று சாயங்காலமே அந்தக் கூடை கட்சிக் கூடை ஆகிவிட்டது. ஒரு வாரத்தில், நான் ரகசியமாகப் போய் என் முகவரியை மாற்றிப் பதிவேட்டில் இருந்து வெளியே வந்ததாகவும் கதை வளர்ந்தது. அந்தக் கூடையில் இருந்த பிஸ்கட்டில் பாதி எதிர்வீட்டில்தான் தின்று தீர்ந்தது என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

8. ஐயாசாமி அண்ணனின் மனைவி பிரேமலா எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. இருபத்தொன்பது ஆண்டுகள் அவள் பொங்கல் என் வீட்டுக்கு வரும், என் கிறிஸ்துமஸ் கேக் அவள் வீட்டுக்குப் போகும். அவள் என் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டது இதுதான்: "எங்க வீட்டுக்காரரை அத்தனை பேருக்கு முன்னாடி தலைகுனிய வெச்சிட்டீங்களே அக்கா. மாத்தினது மாத்திட்டீங்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அதன்பிறகு பேச்சில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நான் கொடுத்தனுப்பிய கேக், மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் பையில் என் கேட்டிலேயே தொங்கியது. நான் அழுதேன். மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் நடந்தது.

இணையத்தில் என் பெயரைக் காட்டி விளக்கப் பார்த்தேன். இன்றைய தொகுதி எது என்றுதான் அது சொல்கிறது. எப்போது, யாரால் மாறியது என்று சொல்வதில்லை. "மாத்தினா அப்படித்தானே காட்டும்" என்று தெருவில் பதில் வந்தது.

9. இவ்வாண்டு மார்ச் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. ஐயாசாமி அண்ணனின் வேன் இயந்திரம் கெட்டுப்போனது. இரண்டு நாள் பள்ளி மண்டபத்தில் தங்கினோம். பிரேமலாவின் பாய்க்கும் என் பாய்க்கும் இடையில் ஒரே ஒரு பாய்தான். அவளுக்கு இருமல், என்னிடம் மருந்து இருந்தது. நடுவில் இருந்தவரிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.

10. கடந்த மாதம் தெருவாசிகள் பூப்பந்துத் திடலில் கூடினார்கள். வடிகாலுக்காக ஐயாசாமி அண்ணன் அடுத்த தேர்தலில் மறுபடி நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். நானும் பின்வரிசையில் இருந்தேன். அப்போது ஒருவர், "கையெழுத்துக்கு மட்டும் எதிர்ப்பக்கம் போயிடாதீங்க லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயாசாமி அண்ணன் எழுந்து, "லூசி தங்கச்சி பேரு இல்லாத வேட்புமனுப் பாரத்துல என் பேரும் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றுதான் அவர் மனதில் என்மேல் சந்தேகமே இருந்ததில்லை என்று தெரிந்தது. சந்தோஷப்பட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இவளால்தான் இந்தத் தடவையும் போச்சு என்று கூட்டம் கலைவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

11. மறுநாளே பேருந்து பிடித்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். திரு. திருச்செல்வம் பொறுமையாகக் கேட்டார். எங்கள் தெருவின் இரட்டைப்படை வரிசை முழுவதும், இருபத்திரண்டு வீடுகளும், ஒரே நாளில் மாறின என்று அவருடைய கணினித் திரையில் காட்டினார். யாருடைய விண்ணப்பமும் அதற்குக் காரணமில்லை என்றார். அந்தத் திரையை வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்திருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இல்லை.

எனவே, தாங்கள் பெரிய மனது வைத்து, எண் 18-இன் வாக்கு 1995 முதல் இன்றுவரை எந்தெந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியில் இருந்தது என்பதையும், 2018-இன் மாற்றம் என் கோரிக்கையால் நடந்ததல்ல என்பதையும் முத்திரையிட்ட கடிதமாகத் தர வேண்டுகிறேன். முடிந்தால், எல்லைக்கோடு தெரியும்படியான ஒரு வரைபடத்தைத் தெருமுனை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் ஆவன செய்யுங்கள். எங்களைப் போல இன்னொரு தெரு ஏமாற வேண்டாம். எல்லையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது சட்டப்படி நடந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

12. கடைசியாக ஒன்று. அன்று நான் கிளம்பும்போது திரு. திருச்செல்வம் ஒரு விதியைச் சொன்னார். முன்மொழிபவரும் வழிமொழிபவரும்தான் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டுமாம். சட்டமன்றத்துக்கு நிற்பவர் ஜொகூரில் எங்கு வசித்தாலும் போதுமாம். நான் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கையெழுத்திடத் தகுதியில்லாதவள் என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே தொகுதியில் நான் வேட்பாளராக நிற்கலாம். வீட்டுக்குப் போனதும் ஐயாசாமி அண்ணனைத் தெருவில் நிறுத்திச் சொன்னேன். மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நீ நில்லு தங்கச்சி. இந்தத் தடவை நான் போடுறேன் கையெழுத்து" என்றார்.

2022-இல் வாங்கிய வேட்புமனுப் பாரங்களில் ஒன்று எழுதப்படாமல் என்னிடம் இருக்கிறது. அது இப்போது செல்லாது என்று அறிவேன். என் மனத் திருப்திக்காக அதை நிரப்பினேன். வேட்பாளர் என்ற இடத்தில் என் பெயரையும், முன்மொழிபவர் என்ற இடத்தில் ஐயாசாமி அண்ணனின் பெயரையும் மையால் எழுதினேன். வழிமொழிபவராக ஒற்றைப்படை வரிசையில் யார் வேண்டுமானாலும் வரலாம், செல்வா இப்போதே தயார் என்கிறார். ஆனாலும் அந்த இடத்தில் பிரேமலாவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதை மையாக்கச் சொல்லி அவள் வாசலில் போய் நிற்க என் கையில் தங்கள் கடிதம் வேண்டும் ஐயா. தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும், கடிதத்தை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

லூசி சந்தனசாமி
(கையெழுத்து)

இடம்: மாசாய்
நாள்: 14 ஜூலை 2025

இணைப்பு:
அடையாள அட்டை நகல். 1993 முதலான வீட்டு முகவரிச் சான்றுகள். ஹெம்பர் அனுப்பியதற்கான கடை ரசீது (மகள் ஷர்மைன் பெயரில்).