சார்ந்திருப்பதற்கு ஆதாரம்

மார்ச் 4, செவ்வாய்

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர் இன்று என் தோளை விட மாட்டேன் என்று அடம்பிடித்தார். பிசியோதெரபியில் நோயாளிக்கு முதலில் சொல்லித் தருவதே தோளை விடத்தான். என் மேல் சாயாதீர்கள், கம்பியைப் பிடியுங்கள், உங்கள் கால் உங்களைத் தாங்கும் என்று அவர் மொழியில் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். இரண்டடி வைத்தார். பிறகு என்னைத் துரோகியைப் போலப் பார்த்தார்.

மாலையில், ஊரிலிருந்து வரப்போகும் மகளுக்கு வாங்கிய கட்டில் வந்தது. கட்டில் என்று பெயர்தான். வந்தது பலகைகளும் ஒரு பொட்டலம் திருகாணிகளும். முடுக்கி முடித்தபோது சில திருகாணிகள் மிஞ்சின. கட்டில் ஆடவில்லை. ஆடாதவரை எதையும் கேள்வி கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டு அறை வீட்டுக்கு மாறியதே விசா ஏஜென்ட் சொல்லித்தான். எந்தப் பேச்சையும் "கவலைப்படாதீங்க மேடம்" என்று தொடங்குபவர். என் கைபேசியிலும் அவர் பெயர் அதுதான். அவர் கூப்பிடும்போதெல்லாம் திரையில் 'கவலைப்படாதீங்க' என்று வரும். உடனே கவலை பிடித்துக்கொள்ளும்.

டிசம்பரில் ஊரில் இவர், என் வீட்டுக்காரர், வேலையை விட்டதும் அந்த ஆள் சொல்லித்தான். நிலம் அளக்கும் கம்பெனியில் நல்ல வேலை. "கவலைப்படாதீங்க மேடம், சாரு கையில வேலை இருந்தா உங்களை நம்பி இருக்காருன்னு எப்படிக் காட்டுறது?" என்றார். மனைவியுடன் சேர்ந்து வாழ வேண்டுமானால் ஒரு மனிதன் முதலில் வேலையில்லாதவனாக வேண்டும். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பிற்பாடு நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மகளுக்குக் கிடைத்தது. இவருக்கு இல்லை.

காரணம் ஒற்றை வரி: விண்ணப்பதாரர் தம் மனைவியைச் சார்ந்து வாழ்கிறார் என்பது நிறுவப்படவில்லை.

ஆக, ஆறு வயதுப் பெண் தனியாக வரலாம். வந்து, நான் இரவு டூட்டி பார்க்கும் நாட்களில் தானே கதவைப் பூட்டிக்கொண்டு, தானே சமைத்து, தானே தன்னைத் தட்டித் தூங்கவைத்துக்கொள்ளலாம். அதற்கு எல்லாத் தகுதியும் அவளுக்கு இருப்பதாக அலுவலகம் கண்டிருக்கிறது. ஜூன் முடிவதற்குள் வராவிட்டால் அவள் விசாவும் காலாவதி.

மார்ச் 7, வெள்ளி

இன்று எழுதினால் பேனா உடையும்.

மார்ச் 9, ஞாயிறு

வீடியோவில் எல்லாரும். இவர் நிதானமாகப் பேசினார். கோபப்பட வேண்டிய நேரத்தில் நிதானமாகப் பேசுவது இவருடைய கெட்ட பழக்கம். மாதாமாதம் நான் அனுப்பும் பணத்தைத் தவிர இவர் கணக்கில் ஒன்றுமே வரவில்லை, அதையெல்லாம் காட்டியாகிவிட்டது. அப்புறம் எதைப் பார்த்து இல்லை என்றார்கள்?

அப்போது பின்னாலிருந்து மாமனார் முகம் திரைக்குள் வந்தது.

"என்னம்மா, அவங்களுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்? அன்னிக்கு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சே, எல்லாம் நல்ல விதமாத்தானே சொல்லி அனுப்பினேன்?"

"எந்தப் பொண்ணு மாமா?"

"விசா ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்னு சொல்லிச்சு. நம்ம பாஷைதான். உங்க பையன் வீட்டுச் செலவுக்கு என்ன பண்றாருன்னு கேக்குது. கேக்குற கேள்வியா அது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் பையன் பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடுறவன் இல்லம்மா, கை நிறைய சம்பாதிக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் கிடையாதுன்னேன். வேற எப்படிச் சொல்றது? குடும்பத்து மானம் இருக்குல்ல?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நெடுநேரம் துடைத்தார்.

மாமா பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் சொல்வது உண்மை என்று ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவர். அவரிடம் ஒருவர், ஒரே ஒரு தடவை, ஒரு உண்மையைக் கேட்டிருக்கிறார்.

மகன் வேலையை விட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெருவுக்குத்தான் தெரியக்கூடாது. அதற்காக இவர் தினமும் காலையில் சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு, ஜன்னல் திறந்திருக்கும் முன்னறையில் மடிக்கணினி முன்னால் உட்கார வேண்டும். 'வீட்டிலிருந்தே வேலை.' சும்மா இருப்பதற்கு இஸ்திரி போட்ட சட்டை! இவரும் உட்கார்ந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன்!

மார்ச் 16, ஞாயிறு

எதிர் வீட்டு அக்கா வந்தாள். என் மருத்துவமனையிலேயே நர்ஸ். அவள் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் விசா கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். என்னைத் தேற்றுவாள் என்று நினைத்தேன்.

"அடியே, வந்து சேர்ந்தவரு என்ன பண்றாருன்னு நினைக்கிற? நைட் டூட்டி முடிச்சு வந்து கதவைத் திறந்தா, உப்பு எங்க இருக்குன்னு கேக்குறாரு. ஒரு வருஷமா உப்பு ஒரே இடத்துலதான்டி இருக்கு."

"போங்கக்கா."

"வேணும்னா எங்காளைக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோ. பேப்பர் எல்லாம் பக்கா."

சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு, சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

மார்ச் 22, சனி

மறுபரிசீலனைக்குப் போட்டாயிற்று. மாமாவுக்கு மறுபடி போன் வரும் என்கிறார் 'கவலைப்படாதீங்க'. வேறு யாராவது எடுத்துப் பேசலாமா என்று கேட்டேன். அதே ஆள்தான் பேச வேண்டுமாம். முன்பு சொன்னது தவறு என்று அவரே சொல்ல வேண்டுமாம்.

ஆகவே இன்று ஒத்திகை. நான் திரையில், இவர் மாமா பக்கத்தில்.

"சொல்லுங்கப்பா. என் மகனுக்கு இப்ப வருமானம் இல்ல."

"என் மகனுக்கு இப்போதைக்கு வருமானம் இல்ல."

"இப்போதைக்கு வேணாம்ப்பா."

"பின்ன, எப்பவுமே இல்லன்னா சொல்லணும்?"

"மருமகள் அனுப்புற பணத்துலதான் குடும்பம் நடக்குது."

"நான் பென்ஷன் வாங்குறேன்டா!"

"உங்களைப் பத்தி யாரும் கேக்கலப்பா."

"அதான் தப்புங்கிறேன். கேக்கணும்ல?"

மகள் நடுவில் புகுந்து, முழுப் பாடத்தையும் ராகம் போட்டு ஒப்பித்தாள்: "எங்கப்பாவுக்கு வருமானம் இல்ல, எங்கம்மா பணத்துல சாப்பிடுறாரு." தாத்தாவைவிட அருமையாகச் சொன்னாள். மாமா எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

போன் வந்திருக்கிறது. இவர் பக்கத்திலேயே இருந்து கேட்டதைச் சொன்னார்.

மாமா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டார். வருமானம் இல்லை என்றார். மருமகள் அனுப்புவதுதான் என்றார். முன்பு சொன்னது வயசானவன் கௌரவத்துக்காகச் சொன்னது என்று, யாரும் சொல்லித் தராததையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கம்மியதாம். அங்கேயே போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இரக்கப்பட்டுவிட்டாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும் ஐயா, புரியுது" என்றாளாம்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "பாவம் பார்க்க வேண்டியதில்லம்மா. என் பையன் நினைச்சா நாளைக்கே சம்பாதிப்பான். பழைய கம்பெனியில இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

ஏப்ரல் 12, சனி

மாமாவோடு சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்று பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டும் அளவுக்கு உயர்த்தினேன்.

"உங்க மானத்துக்கு என் புள்ளை அங்கயும் நான் இங்கயும் கிடக்கணுமா மாமா?"

"நான் பொய் சொல்லலையேம்மா. அவன் சம்பாதிக்கத் தெரியாதவனா?"

கொடுமை என்னவென்றால் இந்தத் தடவை அவர் சொன்னது நிஜம். முதல் தடவை பொய் சொல்லிக் கெடுத்தார். இரண்டாம் தடவை நிஜத்தைச் சொல்லிக் கெடுத்தார். பாதகம் பண்ணுவதில் இப்படி ஒரு முழுமையை நான் பார்த்ததில்லை.

போனை வைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். யார் மேல் இவ்வளவு கோபம்? ஒரு கிழவர் மேலா? இந்தக் கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறார்களே, அவர்கள் மேலா? ஒரு ஆண் தன் மனைவியின் பணத்தில் சாப்பிடுகிறான் என்பதை அலுவலகத்தாலும் நம்ப முடியவில்லை, மாமாவாலும் சொல்ல முடியவில்லை. கடல் கடந்த இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமை!

மே 8, வியாழன்

நிராகரிப்பு. 'வருமானம் ஈட்டும் ஆற்றலும் வாய்ப்பும் விண்ணப்பதாரருக்கு உண்டு என்று அவருடைய தந்தையே உறுதிப்படுத்தியுள்ளார்.' கீழே, இந்தச் சேவை எனக்கு எவ்வளவு திருப்தி அளித்தது என்று ஐந்து நட்சத்திரங்களில் தெரிவிக்கும்படி ஒரு கேள்வி.

கூப்பிட்டேன். "கவலைப்படாதீங்க மேடம், ஒரு வருஷம் கழிச்சு ஃபிரெஷ்ஷா போடலாம்."

"அதுவரைக்கும் என் பொண்ணு?"

"அவங்களுக்குத்தான் வந்துடுச்சே மேடம்."

மே 9, வெள்ளி

குழந்தையை மட்டும் அழைத்துக்கொண்டால்? காலை டூட்டி என்றால் பள்ளி இருக்கிறது. இரவு டூட்டிக்கு? பிரிவுத் தலைவரிடம் இரவு டூட்டியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். எல்லாரும் கேட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் அதே வாரத்தில்தான் இரவு டூட்டி. "எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டுப் போறியா? அவருக்கே ஒரு ஆள் வேணும்" என்றாள். இன்று சிரிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

மகள் இன்று, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீ வா', 'நீ போ', கோபம் வந்தால் 'போடி'. யார் சொல்லித் தந்தார்கள் என்று இவரைக் கேட்டேன். யாரும் இல்லையாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்தால் அப்படித்தான் நிற்பாள்.

சாப்பிட்டேன் என்றேன். "சரிங்க" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

பிரிவுத் தலைவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். இப்படித் திடீரென்று போனால் எப்படி, இந்தப் பிரிவே உங்களைச் சார்ந்துதான் இருக்கிறது என்றார். மே மாதம் ஒரு இரவு டூட்டியை மாற்றித்தர முடியாதவர். எவ்வளவு நெஞ்சாரச் சொன்னார்! வங்கிக் கணக்கு காட்டவில்லை, அவருடைய அப்பாவுக்கு யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. இருந்தும் நான் நம்பினேன். விசா அலுவலகத்தில் எனக்கெல்லாம் வேலை கிடைக்காது.

ஜூன் 14, சனி

அக்கா கட்டிலை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் வந்து ஒரு முனையைத் தூக்கினார். எங்கே வைக்கட்டும் என்று மூன்று தடவை கேட்டார்.

"ஆம்பளைக்காக வேலையை விடுறியாடி?"

"என் பொண்ணுக்காகக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிறோம்."

சுருக்கென்றது. பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

விமான நிலையத்தில் மகள் இவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாமா என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாம்மா" என்றதோடு சரி. வண்டியில் என் கோபம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன். தீரவில்லை. சுங்கத்தில் அதைப் பறிமுதல் செய்ய மறந்துவிட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

எனக்கு வேலை இல்லை என்பதை மாமா தெருவில் யாரிடமும் மறைக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே வலியப் போய்ச் சொல்கிறார். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டா. தங்கமான பொண்ணு."

நான் இஸ்திரி போட்ட உடையில் முன்னறையில் உட்கார வேண்டியதில்லை. நைட்டியோடு இருக்கலாம்.

இரண்டு மருத்துவமனைகளில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவரைப் பழைய கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவக் காப்பீட்டுக்காகக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனோம்.

அலுவலர் இளைஞர், நல்ல மாதிரி. "மேடம் வேலை பார்க்குறாங்களா சார்?" என்று இவரைத்தான் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்றேன். அலுவலர் நிமிரக்கூட இல்லை. 'சார்ந்திருப்போர்' என்று போட்டிருந்த கட்டத்தில் முதலில் என் பெயர், பிறகு மகள் பெயர், மளமளவென்று எழுதினார். அவ்வளவுதான், போகலாம் என்றார்.

"வேற ஏதாவது ஆதாரம்?" என்றேன்.

"எதுக்கு மேடம்?" என்றார், உண்மையிலேயே புரியாமல். பிறகு, "காபி சொல்லட்டுமா?" என்றார்.

"சார் குடிச்சா நானும் குடிக்கிறேன்" என்றேன்.

அவர் அதையும் நம்பினார்.