அப்பாவுக்கு அக்கி, நீ வராதே

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற குட்டியும் சௌக்கியமா இருக்கணும். இங்க நான் நல்லா இருக்கேன், அப்பா நல்லா இல்ல. போன்ல சொல்லலாம்னா பக்கத்துலயே உட்கார்ந்து என் வாயை அடைக்கிறார், அதான் எழுதிக் கூரியர்ல அனுப்பறேன். டிக்கெட்டை கேன்சல் பண்ணு பாப்பா, இப்போ நீ இங்க வரக்கூடாது.

அப்பாவுக்கு நெத்தியில அக்கி. முதல்ல ஒரு பக்கம் மட்டும் எரியுதுன்னார், கடையில இஸ்திரிப் பெட்டி ஆவி பட்டிருக்கும்னு நானும் விட்டுட்டேன். கொப்புளம் கிளம்பினதும் இந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா, துணியில கோடு போடற சாக்கட்டியைப் பொடி பண்ணி அப்பிக்கிட்டு, அதை மறைக்கத் தொப்பி ஒண்ணு தச்சு மாட்டிக்கிட்டு, அவர் பாட்டுக்கு மிஷினை மிதிச்சுக்கிட்டு இருந்தார். உலர்ந்துடும்னு அவர் கணக்கு. இமை வீங்கி, மூக்கு நுனியிலயும் கொப்புளம் வந்தப்புறம்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். அந்த மூக்கைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிடுச்சு, அங்க வந்தா கண்ணுக்குள்ளயும் இறங்கியிருக்கலாமாம், முன்னாடியே வந்திருந்தா மாத்திரை இன்னும் நல்லாக் கேட்டிருக்குமாம். தையக்காரருக்குக் கண்ணு போனா அப்புறம் என்ன இருக்கு சொல்லு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

எப்பவோ வந்த அம்மை உடம்புக்குள்ளயே தங்கி இப்போ அக்கியாக் கிளம்புதாம். ஆனா அம்மையே வராதவங்க மேல அந்தக் கொப்புளத் தண்ணி பட்டா அம்மை வந்துடுமாம். தம்பிக்கு அம்மை போட்டப்போ உன்னைச் சித்தி வீட்டுல விட்டிருந்தோம், உனக்கு வரவே இல்ல. வயித்துப் பிள்ளையோட இருக்கறப்ப வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு நர்ஸ் அடிச்சுச் சொல்லிட்டா. எல்லாம் பொருக்குத் தட்டிக் காயற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே. உன் டாக்டர்கிட்டயும் சொல்லி வை.

அவரை நான் பார்த்துக்கறேன். தனித் துண்டு, தனித் தலையணை உறை, மணி தவறாம மாத்திரை, நெத்தியில ஈரத்துணி, கண்ணுல சொட்டு மருந்து விடறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் கழுவிக் கழுவி என் கையே வெளுத்துடுச்சு. காத்து பட்டாலே வலிக்குதுன்னு ஃபேனைப் போட்டா கத்தறார், நிறுத்தினா வேர்க்குதுன்னு கத்தறார், நானும் பதிலுக்குக் கத்தறேன்.

உன் குட்டிக்குச் சட்டை வெட்டி வச்சிருக்கார். இன்னைக்குக் காலையில நல்ல கண்ணை மூடிக்கிட்டு ஊசியில நூல் கோத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், நான் நூல் கோத்துட்டேன்னு அவளுக்கு எழுது, இல்லன்னா பொட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பான்னார். கோக்கல பாப்பா. நூல் ஊசிப் பக்கமே போகல. உன்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரல, உள்ளதைச் சொல்லிட்டேன், அப்படியும் நீ வராதே.

நல்லபடியாப் பெத்துப் பிழைச்சு நீடூழி வாழணும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காம முழுங்கு. போன் பண்ணினா, நூல் கோத்தீங்களாமே அப்பான்னு அவர்கிட்ட சந்தோஷமாக் கேளு.

உன் அம்மா