தோள் தாண்டும் பந்து

ஜனவரி 9

மறுபடியும் மார்பு வரை வந்து விழுந்தது. எட்டு மாதமாக இதே கதைதான். கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் பந்து, ஆரஞ்சுப் பழ அளவு. எறியவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒரு கையின் விரல் நுனியில் கிளம்பி, தோளையும் மார்பையும் தாண்டி, மறுகை விரலுக்குப் போய்ச் சேர வேண்டும். உடம்பை விட்டு நூலிழைகூட விலகக் கூடாது. கீழ்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் படியேறி வந்து கத்துவதில்லை. பந்து விழுந்தால் கீழிருந்தே கம்பால் கூரையில் ஒரு இடி, அவ்வளவுதான்.

பிப்ரவரி 2

பன்னிரண்டு முறை உருட்டினேன், பன்னிரண்டு முறையும் போய்ச் சேர்ந்தது! அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "பசை கிசை தடவியிருக்கியா?" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் வீட்டுக்காரர் தந்த முதல் பாராட்டு. சலவைக் கடை வேலைக்கு முழுக்குப் போடும் நாள் வருமோ?

பிப்ரவரி 20

ஊர் ஊராகப் போகும் வித்தைக் குழுவில் தேர்வு. ஒருமுறைகூட விழவில்லை. முதலாளியம்மா தள்ளி, எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கை நல்லா ஆடுதும்மா. பந்து எங்க? ஒண்ணுமே தெரியலையே!"

ஒரு முழ தூரத்தில் கண்ணாடி முன் நின்றே பழகினேன். ஒருத்தரையாவது தள்ளி உட்கார வைத்துப் பார்த்தேனா? வெள்ளைப் பந்தோடு வந்த சின்னப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நாற்பது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

பிப்ரவரி 21

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 3

கூப்பிட்டார்கள்! வித்தைக் குழுவிலிருந்துதான் போன்.

"சலவை வேலைன்னு எழுதியிருந்தீங்களே. எங்க ஆளு நின்னுட்டாரு. உடுப்பெல்லாம் துவைக்க வர்றீங்களா?"

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 19

அந்த வெள்ளைப் பந்துப் பெண் இரண்டு காட்சியிலும் பந்தைத் தவறவிட்டாள், தோளைத் தாண்டும் இடத்தில். "இன்னொரு தடவை விழுந்தா நடையைக் கட்டு" என்று முதலாளியம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தேம்பித் தேம்பி அழுதாள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். சலவைக் கடைப் பழக்கத்தில், உடுப்பை அலசும் கடைசித் தண்ணீரில் துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் ஊற்றுகிறேன். துணி வழவழவென்று ஆகிவிடுகிறது. பந்துக்குப் பிடிமானம் இல்லை. வேணும்னு செய்யல — சத்தியமா இல்ல. ஆனா நாளைக்கும் ஊத்தினா? ஒரு மூடி போதும். யாருக்குத் தெரியப்போகுது? அவ இடம் காலியாகும்... நானும் வெள்ளைப் பந்து வாங்கிக்கலாம்... சீ, என்ன புத்தி இது.

மார்ச் 20

அவள் உடுப்பை வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசினேன்.

மார்ச் 22

புது ஊர். மூன்று காட்சி, ஒருமுறைகூட விழவில்லை. கைதட்டல் சலவை அறை வரை கேட்டது. வயிறு எரிந்தது, மறைப்பானேன். வியர்த்த உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தவள், "திடீர்னு சரியாயிடுச்சுக்கா! என்ன மாயமோ தெரியல" என்றாள்.

"இந்த ஊர்த் தண்ணி அப்படிம்மா."

நம்பிவிட்டாள். உடுப்பை வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தேன்.