பூங்காவுக்குக் கட்டிய பணம்

1966 மே 14, சனி இரவு

கோபத்தில் தூக்கம் வரவில்லை.

திண்டிவனம் சாலையில் நைனா மனை பிரித்து விற்றபோது, பூங்காவுக்கு விடவேண்டிய இடத்தையும் விற்றார். அதற்குப் பதிலாகப் பஞ்சாயத்துக்குப் பணம் கட்டினார். ஊருக்கே பொதுவாக ஒரு பூங்கா வரும் என்றார்கள். நான் நம்பினேன். பெண் என்பதால் ராஜகிரிக் கோட்டைக்குத் தனியாகப் போகக் கூடாது, ஏரிக்கரையில் உட்காரக் கூடாது. பூங்கா வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம் என்று, வராத பெஞ்சில் மனத்துக்குள் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

இன்று அந்தப் பணத்தில் கட்டியதைத் திறந்தார்கள். ஆபீசர்களும் கடைக்காரர்களும் சீட்டாட ஒரு மனமகிழ் மன்றம். நைனாவும் அதில் உறுப்பினர்.

எங்கள் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட அவர் அவசரமாக வந்தார்.

“பூங்கா எங்க நைனா?”

“வாசல்ல நாலு குரோட்டன்ஸ் தொட்டி வச்சிருக்குதே, பாக்கலியா?”

“நான் அங்க போய் உக்காரலாமா?”

“பொம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலை? சாப்பிடு, இருட்டுது.”

“உங்க பொண்ணுக்கு ரம்மி ஆடணுமாம்,” என்று அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

விளக்கில் விழும் பூச்சிக்கு இரக்கப்பட்டு வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்தவர், கை கழுவியதும் மன்றத்துக்கே திரும்பிப் போனார்.

அம்மா தூங்கியதும் தெருக்கதவைத் தாழிட்டேன். இப்போது அவர் தட்டுகிறார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். உட்கார இடமில்லாமல் கொஞ்சம் நிற்கட்டும். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.