முகத்தின் மேல் அடித்த எண்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறி வந்து என்னை வேவு பார்க்கிற அளவுக்கு. எனக்குத்தான் பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அம்மா கேட்டால் வெயில் என்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அதைச் சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் சாம்பல் நிறத்தில் நின்ற எங்கள் மின்வாரியப் பெட்டிகளில் எல்லாம் படம் வரைந்தார்கள் அல்லவா, அதில் சலூன் வாசல் பெட்டியில், அந்தத் தெருவைக் கூட்டுகிற அம்மாவின் முகத்தை ஒரு பெண் ஒன்பது நாள் வெயிலில் உட்கார்ந்து வரைந்தாள். அந்த முகத்தில் கண்ணை மறைத்து யாரோ கறுப்பு எண் அடித்துவிட்டார்கள் என்று வீடியோ வந்ததே, அந்தப் பெட்டியில் விலைப்பலகை மாட்டுகிற இடம் போன ஆத்திரத்தில் சலூன்காரர்தான் மின்வாரிய எண் மாதிரி அடித்துவிட்டார் என்று ஊரே பேசியதே, நீயும் அதைப் பகிர்ந்து இவனெல்லாம் மனுஷனா என்று எழுதினாயே. அவர் இல்லை பாப்பா. அடித்தவன் நான்.

பெட்டிக் கதவில் கண் மட்டத்தில் எண் இருக்க வேண்டும், இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் அடிக்கிறேன். படம் போட்ட பெட்டிக்கு மட்டும் பக்கவாட்டில் அடிக்கச் சொல்லி ஆபீசில் தாள் வந்தது, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் (நீ எதையும் படித்துவிட்டே போடு). விடியற்காலையில் எண் வெட்டிய தகடு வைத்து அடித்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. முகம் என் கண்ணில் படவே இல்லை. பத்து மணிக்குப் படம் வரைந்த பெண் எங்கள் ஆபீசுக்கு அழுதுகொண்டு வந்தாள், உங்களுக்குத் தெரியுமா சார் என்று என்னையும் கேட்டாள். வாய் கூசாமல், தெரியலம்மா என்றேன். கூட்டுகிற அம்மா தினமும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்கிறார், எங்கள் பெயின்ட் அப்படியெல்லாம் போகாது. சலூனில் மூன்று நாற்காலியும் காலி. அந்த ஆள் கடைக்கு இனிமேல் போகாதீங்கப்பா என்று நீ சொன்னபோது, வெட்கத்தைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

நேற்றுத்தான் போனேன். முகம் முழுக்க சோப்பு நுரை பூசிய பிறகுதான் சொல்லத் தைரியம் வந்தது. அவர் கத்தியை நிறுத்தவே இல்லை. தெரியும்ணே, நான் அப்பத்தான் ஷட்டரைத் தூக்கிட்டிருந்தேன் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். நான் சொன்னா பழியைத் தள்ளிவிடுறான்னுவாங்க, ஞாயித்துக்கிழமை ஷேவிங்குக்கு வருவீங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் கடையைத் தொறந்து வெச்சிருந்தேன், நீங்க வரலயேண்ணே என்றார். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்து அனுப்பினார். வீடு வரைக்கும் தலை நிமிரவில்லை.

இன்று காலை ஆபீசில், அடித்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். நாளைக்கு அந்தப் பெண்ணையும் கூட்டுகிற அம்மாவையும் பார்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. நீ எழுதினதைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதே. அதற்குக் கீழேயே, இவர் இல்லை, செய்தது என் அப்பா என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுது. சம்பந்தி வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.

உன் பாசமுள்ள,
அப்பா