வேலியோரத்து ஆடாதோடை

மாடம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள தங்கை டெபோராவுக்கு அக்கா தபீதாள் எழுதுவது. ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் ஹெப்சிக் குட்டியும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் இருக்கிறோம், இருமிக்கொண்டு.

போன் செய்தால் “டவர் இல்லக்கா” என்று நழுவுகிறாய். காகிதத்துக்கு டவர் வேண்டாம். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழையைப் பார்க்காதே, கோபத்தைப் பார்.

ஹெப்சியின் இரைப்புக்கு ஆடாதோடைப் பொடி கேட்டாய். கிடையாது. போன தடவை அனுப்பியதையும் குப்பையில் கொட்டு. ரோஜாத் தொட்டிக்குக்கூடப் போடாதே.

எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் மனையால்தான். அப்பா கொடுத்த பங்கைக் காயலான்கடை சவுரிமுத்துவுக்கு வாடகைக்கு விட்டாயே, மகராசன் சாயங்காலமானால் பழைய ஒயரைக் குவித்துக் கொளுத்துகிறான், உள்ளே இருக்கும் செம்புக்காக. புகை முழுவதும் நம் வேலி ஆடாதோடை மேல்தான். இலையில் கசப்பு ஏறிக்கொண்டே போனது. மருந்துச் சத்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நானும் பூரித்துப்போய், உன் அத்தானுக்குக் கஷாயத்தைக் கூட்டிக் கொடுத்தேன். மனிதர் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார்.

இலையோடு சானடோரியம் சித்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடினேன். நன்றாகக் கழுவித்தான் போட்டேன் என்றேன். “மேல இருக்கற தூசி போகும், உள்ள போனது எப்படிம்மா போகும்?” என்றார். செடி புகையோடு மல்லுக்கட்டும்போது அதன் சாறே மாறிவிடுமாம். ஒரு சத்து ஏறும், ஒன்று இறங்கும், பழைய அளவை நம்பக் கூடாதாம். ஒயர் புகையில் ஈயம் வேறு இருக்குமாம். குழந்தையின் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்றார்.

சவுரிமுத்துவிடம் போய்க் கத்தினேன். “ஓனரம்மாவே கம்முனு கீறாங்கோ, நீ இன்னாத்துக்குக்கா பேஜார் பண்ற?” என்கிறான். ஓனரம்மா! நான் மூக்குச் சளி துடைத்துவிட்ட டெபோரா ஓனரம்மா! வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் குடத்துத் தண்ணீரை அவன் நெருப்பிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாளும் கொளுத்தினான்.

புகைக்கு வாடகை வாங்குகிறவளும் நீ, அந்த இலையில் மருந்து கேட்கிறவளும் நீ. நியாயமாடி?

லீவுக்கு ஹெப்சியை அனுப்புகிறேன் என்றாய். மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் அனுப்பாதே. அவனை முதலில் காலிசெய்யச் சொல், அப்புறம் கூட்டி வா.

கர்த்தர் பிள்ளைக்கு நல்ல மூச்சைக் கொடுப்பார். நெருப்பை நீதான் அணைக்க வேண்டும்.

உன் அக்கா,
தபீதாள்

காகிதத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கறை மை அல்ல. கழுவாத இலை ஒன்றைத் தேய்த்தேன். ஹெப்சி கையில் இதைக் கொடுக்காதே.