பாறையில் கேட்ட இளைப்பு

1958 மார்ச் 12, புதன்

இன்று விடியலில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னாலுள்ள பாறையில் தனியாகச் சூரிய நமஸ்காரம் செய்தேன். குனிந்தபோது பக்கத்தில் இளைப்புச் சத்தம் கேட்டது. போன மாதம் இளைப்பு நோயில் செத்துப்போன கருப்பையாவின் மூச்சேதான். அவனுக்கு இந்த நமஸ்காரத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான். மூன்று மாதம் நெஞ்சு லேசாகி நன்றாகத் தூங்கினான். அந்தத் தைரியத்தில் மருந்தை நிறுத்தினான். நான் தடுக்கவில்லை.

திரும்பினேன். பனிமூட்டத்தில் அவன் மனைவி செல்லம்மா நின்றாள்.

"எனக்கும் இழுக்குதுண்ணே. அவருக்குச் சொல்லிக் குடுத்தத எனக்கும் சொல்லிக் குடுங்க."

"மொதல்ல டிஸ்பென்சரிக்குப் போவோம், தங்கச்சி. இது செஞ்சாலும் மருந்த நிறுத்தக் கூடாது."

"இத அவருகிட்ட சொன்னீங்களாண்ணே?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் டிஸ்பென்சரிக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

நாளை விடியலில் கற்க வரச் சொல்லியிருக்கிறேன். நமஸ்காரத்துக்குக் கையைத் தூக்குமுன், அவனிடம் அதைச் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும்.